குச்சி மாறிய மாதம்

வேளச்சேரி விஜயநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கும் தூரத்தில், ஒரு மாடியில் இருக்கிறது நாங்கள் ஆடும் பூல் பார்லர். நான்கு மேஜை, சுவரில் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு க்யூ. அங்கே யாரும் க்யூ என்று சொல்வதில்லை, ஸ்டிக்தான். ஐந்து வருடம் அந்தச் சுவரில் இருந்த ஒரே ஸ்டிக்கில் ஆடினேன். லேசாக வளைந்தது, பிடியில் யாரோ இன்சுலேஷன் டேப் சுற்றியது. போன வருடம் போனஸ் வந்ததும் சொந்தமாக ஒன்று வாங்கினேன். விலையை வீட்டில் சொல்லவில்லை.

வாங்கிய முதல் மாதம் என் ஆட்டம் படுத்துவிட்டது.

நேர் ஷாட்டில் குறை இல்லை. வெள்ளைப் பந்தை ஓரமாக அடித்துச் சுழலவிடும்போதுதான் தப்பியது. வலப்பக்கம் அடித்தால் பந்து குறிபார்த்த கோட்டை விட்டுச் சற்று இடப்பக்கமாகப் புறப்படும். எவ்வளவு விலகும் என்பதை முக்கியமாக ஸ்டிக்கின் முனைப்பகுதியின் எடை தீர்மானிக்கிறது. விலை கூடிய சில ஸ்டிக்குகளில் முனையை இலேசாக்கி அந்த விலகலைக் குறைத்திருக்கிறார்கள். பழைய ஸ்டிக் நிறையவே விலக்கும். ஐந்து வருடத்தில் என் கை, என்னிடம் சொல்லாமலே, அதற்கு ஈடுகட்டப் பழகியிருந்தது. புதுசு பந்தை ஏறக்குறைய நேராகவே அனுப்பியது. கை மட்டும் பழைய பிழையைத் திருத்திக்கொண்டே இருந்தது. இல்லாத பிழையைத் திருத்தினால் அதுவே பிழை.

"ஸ்டிக் புதுசு மச்சி, செட் ஆக டைம் எடுக்கும்" என்றேன் நண்பனிடம். "ஆமாடா, ஒரு மாசம் ஃப்ரீயா விடு" என்றான். அவ்வளவு எளிதாக எனக்கு ஒரு மாதம் கிடைத்துவிட்டது.

கீழே வந்து பைக்கை எடுக்கும்போதுதான் அவன் நினைவுக்கு வந்தான். மூன்று வருடம் முன்பு என் டீமில் இருந்தவன். பழைய சிஸ்டத்தில் எங்கள் எல்லோரையும்விட வேகமானவன். கம்பெனி வேறொன்றுக்கு மாறியதும் இரண்டு மாதம் தடுமாறினான். "கை பழைய மாதிரியே போகுதுண்ணா, கொஞ்சம் டைம் குடுங்க" என்று கேட்டான். நான் சிரித்துக்கொண்டே "வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்பா" என்றேன். அந்த அரையாண்டு ரேட்டிங்கில் அவனைக் கீழே போட்டேன். அடுத்த அரையாண்டுக்குள் வேலையை விட்டுப் போய்விட்டான்.

நம்மிடம் இந்த விஷயத்தில் பழமொழிக்குப் பஞ்சமில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கருவியைக் குறை சொல்பவன் சாக்கு சொல்கிறான் என்பதுதான் இவற்றின் தீர்ப்பு. ஆனால் ஆயுத பூஜை அன்று நாமே லேப்டாப்புக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிறோம். கருவிக்குப் பங்கே இல்லையென்றால் எதற்கு அந்தப் பொட்டு?

பிரெஞ்சுத் தத்துவவாதி மெர்லோ-பான்ட்டி 1945-ல் வெளிவந்த நூலில் பார்வையற்றவரின் கைத்தடியைப் பற்றிப் பேசுகிறார். பழகியபின் அவருக்கு அந்தத் தடி ஒரு பொருளாகவே படுவதில்லை. அவருடைய தொடுகை தடியின் நுனிவரை நீண்டுவிடுகிறது. அப்படியானால் தடியை மாற்றுவது அவர் உடம்பில் ஒரு பகுதியை மாற்றுவதுதான்.

ஸ்டீபன் ஹென்ட்ரி சிறு வயதில் கிடைத்த ஒரு மலிவான க்யூவை வைத்துக்கொண்டு ஸ்னூக்கரில் ஏழு உலகப் பட்டங்கள் வென்றவர். 2003-ல் விமானப் பயணத்தில் அது உடைந்தது. அதே வருடம் வேறு க்யூவோடு பிரிட்டிஷ் ஓப்பன் இறுதியில் ரோனி ஓசலிவனை 9-6 என்று வென்றார். 2012-ல், ஓய்வு பெற்ற அந்த உலகப் போட்டியிலேயே, ஒரு ஃப்ரேமில் 147 அடித்தார். ஆனால் எட்டாவது உலகப் பட்டம் வரவேயில்லை. க்யூ போனதாலா, வயதாலா? இரண்டையும் பிரித்துக் காட்ட யாராலும் முடியாது. சாக்கும் காரணமும் ஒரே சட்டையைப் போட்டுக்கொண்டுதான் வருகின்றன.

எங்கள் பார்லரில் பந்து அடுக்கித் தரும் தம்பிக்குச் சொந்த ஸ்டிக் கிடையாது. சுவரில் எது காலியோ அதை எடுத்து எங்களையெல்லாம் அடிப்பான். அவனைப் பார்த்தால் பழமொழி சரிதான் போல என்று தோன்றும். ஒருநாள் கவனித்தேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் மூன்று பந்தை மெதுவாக, ஓரத்தில் அடித்துப் பார்க்கிறான். "என்னடா பண்ற?" என்றேன். "இது எவ்ளோ தள்ளுதுன்னு பாக்கறேண்ணா" என்றான். புல்லும் ஆயுதம்தான். ஆனால் வல்லவனும் அந்தப் புல்லைக் கையில் எடுத்துப் பார்க்கிறான். நான் மாதக் கணக்கில் எடுத்துக்கொண்டதை அவன் மூன்று பந்தில் எடுத்துக்கொள்கிறான்; அதற்குமேல் அவனுக்கு யாரும் தரமாட்டார்கள்.

ஐந்தாவது வாரம் ஒரு சுலபமான ஷாட்டை விட்டேன். "ஸ்டிக்..." என்று ஆரம்பித்தேன். "இன்னுமாடா?" என்றான் நண்பன். அவன் சொன்னது நியாயம். பழகும் காலத்துக்கு முடிவு உண்டு. அதற்குப் பிறகு தப்பினால் அது நான்தான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை, முதலில் காலம் கொடுத்தவனுக்கு மட்டும்தான் உண்டு. நான் கொடுக்காமலே கேட்டேன்.

போன வாரம் அவனுக்கு எழுதினேன். நீ கேட்டது சாக்கு இல்லை, எனக்கு அப்போது புரியவில்லை என்று. "பரவால்லண்ணா" என்று பதில் வந்தது. அது மன்னிப்பா, வெறும் மரியாதையா, தெரியவில்லை. இந்த மாதம் டீமில் மறுபடி ஒரு கருவி மாறுகிறது. திட்டத்தில் பழகுவதற்கென்று நான்கு வாரம் தனியாகப் போட்டிருக்கிறேன். எதற்கு என்று மேலே கேட்பார்கள். கேட்கட்டும்.