கூற்றும் அறிவிப்பாளர் வரிசையும்

ஓவியம் தீட்டும் தம்பி ஒருவர் புத்தளத்திலிருந்து ஒரு தாளோடு வந்தார். கொழும்பில் நடக்கவிருந்த கூட்டுக் கண்காட்சிக்காக அவர் எழுதிய 'ஓவியர் கூற்று' அது. "கொஞ்சம் திருத்தித் தாங்க நானா" என்றார். வேரோடு பிடுங்கப்பட்ட தன் சமூகத்தின் வலியை உலகின் மனச்சாட்சிக்கு முன்வைப்பதே தன் தூரிகையின் நோக்கம் என்று அது தொடங்கியது. எழுத்துப்பிழை எதுவுமில்லை. ஆயினும் எனக்குள் ஏதோ நெருடியது.

படங்களைக் காட்டச் சொன்னேன். ஏழு படங்கள். ஏழிலும் அரைவாசி திறந்த ஒரே நீலக் கதவு. யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் அவர்களின் வீட்டுக் கதவாம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில் விடுதலைப் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது விட்டுவந்த வீடு. தம்பி பிறந்தது அதற்கு இரண்டு வருடங்களின் பின்னர், புத்தளத்து முகாமொன்றில்.

"கதவு நீலம் என்று உமக்கு எப்படித் தெரியும்?"

"உம்மா சொன்னா. உம்மும்மா பச்சை என்றுதான் சொல்லுவா."

இந்தப் பதிலில் இருந்த உயிர் அந்தத் தாளில் இல்லை. பிரச்சினை மொழிநடையில் அல்ல, அமானிதத்தில் இருந்தது. வடக்கிலிருந்து விரட்டப்பட்ட எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் வலியை ஒருவர் தன் நோக்கமென்று எழுதிக் கையொப்பமிடலாமா?

ஸஹீஹுல் புகாரி நிய்யத் பற்றிய ஹதீஸோடு ஆரம்பமாகிறது. நிய்யத்தை அறிந்தவன் அல்லாஹ் ஒருவனே. அதை அச்சடித்துச் சுவரில் தொங்கவிடும்போது முகஸ்துதி நுழையக் கதவைத் திறந்துவிடுகிறோம். இதைச் சொல்ல எனக்கும் கூச்சம்தான். என் முதல் கவிதைத் தொகுதியின் என்னுரையில், ஊமைகளின் குரல் நான் என்று எழுதியவன் நான். யாரும் என்னை நியமிக்கவில்லை.

அப்படியானால் ஒன்றும் எழுதாமல் விடலாமே, படமே பேசட்டும் என்பர் சிலர். நான் உடன்படமாட்டேன். பார்ப்பவர் அந்தக் கதவை ஓவியர் கண்டதாகவே எண்ணுவார். ஹதீஸ் கலையில் 'தத்லீஸ்' என்றொரு குறை உண்டு. இடையிலிருக்கும் ஒருவரை மறைத்து, நேரில் கேட்டதுபோலத் தோன்றும்படி அறிவிப்பது. சொன்ன சொல்லில் பொய் இல்லாதிருக்கலாம், ஆனாலும் கேட்பவர் ஏமாறுகிறார். அதனாற்றான் முஹத்திஸீன்கள் செய்தியை மட்டும் பார்க்கவில்லை. யாரிடமிருந்து யார் கேட்டார், இருவரும் சந்தித்தார்களா, நினைவாற்றல் எப்படி என்றெல்லாம் துருவினார்கள்.

ஒரு கலைஞன் தன் படைப்பைப் பற்றி நேர்மையாகச் சொல்லக்கூடியதும் இதுதான் என்று நினைக்கிறேன்: யாரிடமிருந்து பெற்றேன், என் கையால் அதை என்ன செய்தேன். நோக்கத்தை நோக்கமறிந்தவனிடம் விட்டுவிடலாம்.

மூன்று தடவை எழுதி, மூன்று தடவை வெட்டினோம். கடைசியில் எஞ்சியது இவ்வளவுதான்:

"இந்தக் கதவை நான் கண்டதில்லை. உம்மா நீலம் என்கிறார். அவரின் உம்மா பச்சை என்கிறார். நான் உம்மாவின் நிறத்தைத் தீட்டியிருக்கிறேன்."

"இது போதுமா நானா? சின்னதாக இருக்கிறதே" என்று தம்பி தயங்கினார். போதும் என்றேன்.

என் தொகுதியை மறுபதிப்புச் செய்யக் கேட்கிறார்கள். கவிதைகள் தயார். என்னுரை மட்டும் பாக்கி. யார் யாரிடம் கேட்டதையெல்லாம் நான் கண்டதாக எழுதினேன் என்று முதலில் ஒரு பட்டியல் போட வேண்டியிருக்கிறது.