எதிரணிக்கும் ஒரு பேட்டரி

எதிரணியின் ரோபோ பழுதாகி நிற்கும்போது கிடைப்பது ஆட்டமே நடக்காத வெற்றி. நம் ரோபோ எவ்வளவு நன்றாக ஓடும் என்பதை, நன்றாக ஓடும் இன்னொரு ரோபோதான் காட்ட முடியும். அதனால்தான் மாணவர் ரோபோ போட்டிகளில் நல்ல அணிகள் உதிரி பேட்டரியையும் ஸ்பேனரையும் எதிரணிக்கும் சேர்த்தே எடுத்து வருகின்றன.

டீன் கேமன் 1989இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஃபர்ஸ்ட்’ அமைப்பின் பெரிய ரோபோ போட்டியில் மும்மூன்று அணிகள் கூட்டணியாக ஆடும். தகுதிச் சுற்றில் ஆட்டத்துக்கு ஆட்டம் கூட்டணி மாறும். இப்போது எதிரில் நிற்பவர் அடுத்த ஆட்டத்தில் நம் பக்கம் நிற்கலாம். முழு மூச்சாகப் போட்டியிடுவதும் எதிராளியை மதிப்பதும் ஒன்றாகவே போக வேண்டும் என்ற பண்பை அங்கே ஊன்றியவர் எம்.ஐ.டி. பேராசிரியர் வுடி ஃபிளவர்ஸ்.

இங்கே சென்னையை ஒட்டிய இரும்புலியூரிலும் தாம்பரத்திலும் பள்ளி விட்டதும் சர்க்யூட் போர்டோடு உட்காரும் பிள்ளைகளுக்கு நிரல் எழுதச் சொல்லித்தர ஆள் கிடைத்துவிடும். தோற்ற பிறகு வென்ற அணியிடம் போய், “அந்தக் கையை எப்படிச் செய்தீங்க?” என்று கேட்கப் பழக்குவது பெற்றோரும் ஆசிரியரும் செய்ய வேண்டியது. வென்றவர்களும் மறைக்காமல் சொல்ல வேண்டும், அடுத்த ஆண்டு தங்களைத் தோற்கடிக்கப் போகிறவர்கள் இவர்கள்தான் என்று தெரிந்தே.