துணிவுக்கு ஏற்ற பரிசு

பரிசு என்பது கொடுப்பவரின் விருப்பமா, பெறுபவரின் இயல்பா? வானில் கரணமடிக்கும் விமானத்தில் அமர்ந்து வரும் அனுபவத்தை இங்கிலாந்து முதலிய நாடுகளில் பரிசாக அளிக்கின்றனர். துணிவை நாடும் உள்ளத்திற்கு அது பேரின்பம். அவர்மீது அன்புடையோர்க்கோ அச்சம்.

1913ஆம் ஆண்டில் உருசிய விமானி பியோத்தர் நெஸ்தெரோவ், கீவ் நகரில் முதன்முதலாக விமானத்தைச் செங்குத்து வட்டமாகச் செலுத்தினார். அரசின் உடைமையை இடருக்கு உள்ளாக்கினார் என முதலில் தண்டிக்கப்பட்டார். பின்னர்ப் பதவி உயர்வு பெற்றார். ஒரே செயல் குற்றமாகவும் பெருமையாகவும் கொள்ளப்பட்டது. எனினும், அவர் பணயம் வைத்த உயிர் தம்முடையது. பரிசளிப்பவரோ பிறருடைய உயிரைப் பணயம் வைக்கிறார். அவ்வட்டத்தில் உடலின் எடை மூன்று, நான்கு மடங்காக அழுத்தும். குருதி தலையினின்று இறங்குவதால் பார்வை மங்குதலும் உண்டு. நெஞ்சு நோயுடையார்க்கு அது தீங்காகலாம்.

ஆகவே, வியப்பூட்டும் பொருட்டு மறைத்துவைத்து, இறுதி நேரத்தில் விமானத்தில் ஏற்றுதல் முறையன்று. நேரக்கூடியவற்றை முன்னரே உரைத்து, உடல்நிலையை வினவி, இசைவு பெறுதல் வேண்டும். அறிந்து இசைந்தபின் அத்துணிவு அவருக்கே உரியதாகிறது. அச்சத்தால் தடுப்பது மட்டும் அன்பாகாது. ஆராயாது அளிப்பதும் அன்பாகாது. 'வேண்டா' என்னும் உரிமையோடு சேர்த்து அளிக்கப்படுவதே மெய்யான பரிசு. பிள்ளைகளின் துணிவை வளர்க்க முனையும் பெற்றோரும் ஆசிரியரும் உளங்கொள்ளத்தக்க நெறி இது.