மாமியாரின் மறதியும் மருமகளின் கடமையும்

சத்தியமங்கலம் பக்கத்துத் தோட்டத்துச் சாளை ஒன்றை மனதில் வைத்துக்கொள்வோம். மாமியாருக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. விடிவதற்குள் மல்லி பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பியே பழகியவர், இப்போது நடுச்சாமத்தில் எழுந்து பூக்கூடையைத் தேடுகிறார். வீட்டுக்காரர் இறந்து பல வருடம் ஆனது நினைவில் இல்லை. "அம்மிணி, அவிய இன்னும் வரலியா?" என்று மருமகளைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அடுத்த சாளை கூப்பிடு தூரத்தில் இல்லை. கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இல்லை. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் மருமகள் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு தூங்குகிறார், தூங்க முடிந்தால். சொந்தக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, "வயசானா அப்படித்தானுங்க" என்று சொல்லிக் காப்பி குடித்துவிட்டுப் போகிறார்கள்.

இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு, டிமென்ஷியா எனும் மறதி நோய் இருப்பதாக 2023-ல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும் அது அதிகம் என்றும் சொன்னது. இவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்பதை யாரும் மறுப்பதில்லை. அந்தப் பயிற்சி ஊர்ப் பேச்சுக்கும் பழக்கத்துக்கும் பொருந்த வேண்டும் என்பதையும் விவரம் தெரிந்தவர்கள் ஒப்புக்கொள்கிறார்கள். சங்கடம் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. மரபோடு ஒத்துப்போவது எதுவரைக்கும்? அந்த மரபே ஒருவரின் தலையை மிதித்துக்கொண்டு நின்றால் என்ன செய்வது?

முதலில் மரபுக்குரிய நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். பழைய நினைவாற்றல் சோதனைகள் இன்று என்ன தேதி என்று கேட்டன; ஒரு வாக்கியம் எழுதச் சொன்னன; ஒரு படத்தைப் பார்த்து வரையச் சொன்னன. பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாத பாட்டி அதில் தோற்பதற்கு நோய் தேவையில்லை. உலகின் மறதி நோயாளிகளில் 66 சதவீதம் பேர் வளரும் நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றியது இல்லை என்ற கணக்கையே பெயராகச் சூட்டிக்கொண்டு 1998-ல் கிளம்பியது '10/66' ஆய்வுக் குழு. சென்னையும் வேலூரும் அதன் களங்கள். எழுத்தறியாதவரையும் நியாயமாகச் சோதிக்க வழி கண்டது அந்தக் குழு. ஜனவரி மாதக் கணக்கு தெரியாத கிழவிக்கு அமாவாசை எப்போது என்று தெரியும். பன்னாரி அம்மன் கோயில் குண்டம் திருவிழா பங்குனியில் என்று தெரியும். ஆட்களின் பெயர் மறந்த பிறகும் பூக்கட்டும் விரல்கள் பெரும்பாலும் அதை மறப்பதில்லை. உதிரி மல்லியையும் வாழைநாரையும் மடியில் வைத்தால் ஒரு மத்தியானம் அமைதியாகக் கழியலாம். வெளிநாட்டுக் கையேடு சொல்லும் ஜிக்சா புதிரைவிட இது எவ்வளவோ மேல்.

மரபோடு ஒத்துப்போக நம்பிக்கையும் ஒரு காரணம். அமெரிக்காவில் வெள்ளையின முதியவர்களைவிடக் கறுப்பின முதியவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் 1932 முதல் 1972 வரை அலபாமாவின் டஸ்கீகியில், சிஃபிலிஸ் நோய் இருந்த கறுப்பின ஆண்களுக்குச் சிகிச்சை தராமல் அவர்கள் உடல் என்ன ஆகிறது என்று குறிப்பெடுத்துக்கொண்டிருந்தது ஓர் அரசு ஆய்வு. அந்தச் சமூகம் அதை மறக்கவில்லை. செவிலியரும் ஆய்வாளருமான ஃபேரன் எப்ஸ் தொடங்கிய 'ஆல்ட்டர்' திட்டம், பராமரிக்கும் குடும்பங்களைத் தேடி அவர்களுடைய தேவாலயங்களுக்கே போனதன் அருமை இந்தப் பின்னணியில்தான் புரியும்.

சத்தியமங்கலத்து மலைக்கு இது அன்னியக் கதை அல்ல. வீரப்பனைத் தேடிய வருடங்களில் தமிழக, கர்நாடக அதிரடிப் படைகளிடம் மலைமக்கள் பட்ட சித்திரவதையைத் தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழு விசாரித்தது. 2007-ல் 89 பேருக்கு இழப்பீடு தர ஆணையம் பரிந்துரைத்தது. அன்று நடுவயதில் இருந்தவர்கள் இன்று முதியவர்கள். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, முன்பின் தெரியாத ஒருவர் நோட்டுப் புத்தகத்தோடு வந்து, "உங்களுக்கு என்னவெல்லாம் ஞாபகம் இருக்கிறது?" என்று கேட்டால் அது அவர்கள் காதில் மருத்துவக் கேள்வியாக விழாது. அங்கே சோளகர் பழங்குடி வீட்டுப் பெண்ணே பயிற்சி பெற்றுப் போக வேண்டும். இதில் வாதத்துக்கு இடமில்லை.

சமவெளியில்தான் விஷயம் சிக்கலாகிறது. கொங்குக் குடும்பங்களிடம் போகும் பயிற்சியாளருக்கு மிக வசதியான ஆயுதம் கடமை. பெற்றவர்களை முதியோர் இல்லத்தில் விடுவது குடும்பத்துக்கே இழுக்கு என்ற எண்ணம் இங்கே பலமானது. அதைத் தொட்டுப் பேசினால் போதும். மருமகள் எதிர்வார்த்தை சொல்ல மாட்டார். பண்பாட்டை மதிக்கிறோம் என்ற பெயரில், ஏற்கெனவே குனிந்திருப்பவரை இன்னும் கொஞ்சம் குனியப் பழக்கிவிட்டு வருவது எளிது.

சட்டமே இந்த விஷயத்தில் வீட்டைவிட நேர்மையாக இருக்கிறது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007-ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைகள் என்று மகனையும் மகளையும் பேரன் பேத்தியையும் குறிக்கிறது. மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை. மருமக்களையும் சேர்க்க 2019-ல் ஒரு திருத்த மசோதா மக்களவைக்கு வந்தது. அதற்கெல்லாம் வீடு காத்திருக்கவில்லை. தோட்டம் மகன் பெயரில் இருக்கும். மகளுக்கும் பங்குண்டு என்று தமிழ்நாடு 1989-லேயே சட்டத்தைத் திருத்தினாலும், பல வீடுகளில் அந்தப் பங்கு ஒரு விடுதலைப் பத்திரக் கையெழுத்தோடு முடிந்துபோகிறது. சேலை மாற்றுவதும் மலம் துடைப்பதும் எந்தப் பத்திரத்திலும் பெயர் இல்லாத மூன்றாமவரின் பாகத்துக்கு வருகிறது.

இதற்கு மறுப்பு உண்டு; லேசான மறுப்பும் அல்ல. மாமியாரைக் கடைசி வரை பார்த்ததைத் தன் வாழ்க்கையின் பெருமையாகச் சொல்லும் பெண்கள் இந்த வட்டாரத்தில் ஏராளம். அந்தப் பெருமையைப் பொய் என்று வெளியாள் தீர்ப்புச் சொல்வது அகம்பாவம். சரிதான். ஆனால் பெருமை என்பது சுமந்தவர் வாயிலிருந்து வர வேண்டியது. சுமக்கச் சொல்பவர் அதை முன்பணமாகக் கொடுக்கக் கூடாது.

பொய்யைப் பற்றியும் இங்கே பேசியாக வேண்டும். "அவிய வரலியா?" என்று கேட்பவரிடம் "மாமா செத்துப் பல வருசமாச்சுங்க அத்தை" என்று உண்மையைச் சொன்னால், ஒவ்வொரு முறையும் அது புதுச் சாவு, ஒவ்வொரு முறையும் அழுகை. "சந்தைக்குப் போயிருக்காங்க, வந்துருவாங்க" என்றால் ஆறுதல். தீங்கில்லாத நன்மை தருமானால் பொய்யையும் வாய்மையின் இடத்தில் வைக்கலாம் என்று ஒப்புக்கொண்டவர் வள்ளுவர். இந்தப் பொய்யால் யாருக்கும் நஷ்டமில்லை. தயங்காமல் சொல்லலாம்.

இன்னொரு பொய் இருக்கிறது. சமாளிக்க முடியாமல் குடும்பம் ஒரு ஹோம் நர்ஸை வைக்கிறது. வருகிறவர் அருந்ததியர் பெண். மூதாட்டியின் அண்மைக்கால நினைவெல்லாம் அழிந்து, ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஊர் மட்டும் தலைக்குள் மிஞ்சியிருக்கிறது. அந்த ஊரில் இரட்டைக் குவளை உண்டு. வாசலைத் தாண்டக் கூடாதவர்கள் உண்டு. சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு, வாய்க்கு வந்த சாதிப் பெயரைச் சொல்லித் திட்டுகிறார். குடும்பத்தார் அந்தப் பெண்ணைத் தனியே கூப்பிட்டு, "வேற சாதின்னு சொல்லிக்கம்மா, வயசானவங்கதானே" என்கிறார்கள். நோயாளியின் பழக்கத்தை மதித்துப் பராமரிக்கும் வழி இது என்றுகூட வாதிடலாம். பெரியார் பிறந்த மாவட்டத்தில் இதை விவாதிக்க வேண்டியிருப்பதே வெட்கம்தான். ஆனாலும் வேண்டியிருக்கிறது.

இரண்டு பொய்க்கும் வித்தியாசம், விலையை யார் கொடுக்கிறார் என்பதில் இருக்கிறது. முதல் பொய்க்கு விலையே இல்லை. இரண்டாவதற்கு, கூலிக்கு வந்தவர் தன் பிறப்பை ஒளித்துவைப்பதை விலையாகக் கொடுக்கிறார். தள்ளிவிட்ட கிழவியைக் குற்றம் சொல்ல முடியாது. அவர் மூளை அவர் வசத்தில் இல்லை. அறிவு தெளிந்திருக்கும் மகனுக்கும் மகளுக்கும் அந்தச் சலுகை கிடையாது. நோய் அம்மாவுக்குத்தான்.

அப்படியென்றால் பெரியவர் பட்டினி கிடக்கட்டுமா என்று கேட்கலாம். வேண்டாம். மகன் ஊட்டட்டும். ஒரு வேளை மகன், ஒரு வேளை மகள், ஒரு வேளை மருமகள். வேலைக்கு வந்தவர் மருந்தும் குளியலும் ராத்திரிக் காவலும் பார்க்கட்டும். மகன் துபாயிலும் மகள் பெங்களூரிலும் இருந்து, வீட்டில் வேறு ஆளே இல்லையென்றால்? அப்போதும் பெயரையும் சாதியையும் மாற்றிச் சொல்வதா, தட்டு பறந்தாலும் உள்ளபடியே நிற்பதா என்பது அந்தப் பெண்ணே எடுக்க வேண்டிய முடிவு. கூலி கொடுப்பவருக்கு அதைக் கேட்கக்கூட உரிமையில்லை. வசவு தாங்க முடியாமல் அவர் வேலையை விட்டுப் போனால், அதற்குக் கூலியைப் பிடிக்கவும் உரிமையில்லை.

மரபைப் பயிற்சிக்குள் கொண்டுவருகிறவர்கள், அது நோயாளியின் மரபு மட்டும் அல்ல என்பதை மறந்துவிடுகிறார்கள். பார்த்துக்கொள்கிறவருக்கும் ஒரு வரலாறு இருக்கிறது. இருவருக்கும் முட்டிக்கொண்டால், தெளிந்த மனதோடு காயத்தை வாங்கி மறுநாளும் வேலைக்கு வர வேண்டியவர் பக்கம் நிற்பதே நியாயம்.

கைவசம் வழி இல்லாமலும் இல்லை. கோவாவில் அமித் டயஸும் அவர் குழுவினரும் 81 குடும்பங்களிடம் நடத்திய ஆய்வு 2008-ல் வெளியானது. உள்ளூரிலேயே தேர்ந்தெடுத்துப் பயிற்சி தரப்பட்ட சாதாரண ஆட்கள் வீட்டுக்குப் போய்ப் பேசினார்கள், விளக்கினார்கள். ஆறு மாதத்தில் பார்த்துக்கொள்கிறவர்களின் மன உளைச்சல் குறைந்தது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்கள் ஏற்கெனவே பிரஷர் மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார்கள். திண்ணையில் உட்கார்ந்து பேசும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஊர்ப் பேச்சும் தெரியும். மறதி நோய்க் குடும்பங்களுக்கான பயிற்சியையும் அவர்கள் வழியே கொடுக்கலாம், அந்தக் கூடுதல் வேலைக்குக் கூடுதல் ஊதியத்தோடு.

ஒரு நிபந்தனை மட்டும். பகல் பதினோரு மணிக்குப் போனால் சாளையில் மருமகள் மட்டும்தான் இருப்பார்; பயிற்சியும் அவர் தலையில்தான் விழும். மகன் இருக்கும் நேரம் பார்த்துப் போங்கள். டயப்பர் மாற்றவும் சோறு ஊட்டவும் முறை வைத்து ராத்திரி கண்விழிக்கவும் முதலில் அவருக்குக் கற்றுக்கொடுங்கள்.