மெலிந்த கை

மீமிசலில் என் தமக்கை தனியாக இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் சாக்பீஸ் பிடித்த கை அவளுடையது. இப்போது வயது 72. மூட்டுவாதம் விரல்களை முடக்கிவிட்டது. மருந்து பாட்டிலின் மூடியைக் கதவிடுக்கில் வைத்துத்தான் திருகுகிறாள். காப்பித் தம்ளரை இரண்டு உள்ளங்கைகளாலும் ஏந்துகிறாள்.

சென்ற கார்த்திகையில் ஓரிரவு, கொல்லைக் கதவின் தாழ்ப்பாளை யாரோ வெளியிலிருந்து நெம்பியிருக்கிறார்கள். தெருநாய் குரைத்ததும் ஓடிவிட்டார்கள். அக்கா விடியும்வரை மிளகாய்ப்பொடி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம். சிங்கப்பூரிலிருக்கும் மகன், வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடச் சொல்கிறான். அவளோ என்னை அழைத்து வேறொன்று சொன்னாள்.

"தம்பி, என் கைக்கு அடங்குற மாதிரி ஒரு துப்பாக்கி இருக்கான்னு விசாரிச்சுச் சொல்லு. யாருக்கும் தெரியாம சுருக்குப்பையில வச்சுக்கிறேன்."

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. என் கை கெட்டியான கை. என் வீட்டுக் கதவை யாராவது நெம்பினால் உள்ளேயிருந்து ஓர் அதட்டல் போட்டாலே போதும். அப்படிப்பட்டவன், முடங்கிய விரல்களோடு இருப்பவளைப் பார்த்துச் சிரிக்க என்ன உரிமை? கோழைத்தனம், வன்முறை இரண்டைத் தவிர வேறு வழியில்லையென்றால் வன்முறையைத்தான் சொல்வேன் என்று 1920-இல் 'யங் இந்தியா'வில் எழுதியவர் காந்தியடிகள். அவரே அவ்வளவு தூரம் இறங்கி வந்திருக்கும்போது நான் யார்?

ஆகவே விசாரித்தேன். மெலிந்த கைக்கென்று ஒரு துப்பாக்கி நம் நாட்டிலேயே செய்யப்பட்டிருக்கிறது. 2012 டிசம்பர் 16 இரவு டெல்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையை நாடு மறக்கவில்லை. நிர்பயா என்று பத்திரிகைகள் பெயரிட்ட பெண். 2014 ஜனவரியில் கான்பூரின் அரசு ஆயுதத் தொழிற்சாலை பெண்களுக்கென்று ஒரு ரிவால்வரை வெளியிட்டது. பெயர் நிர்பீக், அதற்கும் அச்சமற்றவர் என்றுதான் பொருள். எடை 500 கிராம். கைப்பையில் அடங்கும். அப்போதைய விலை 1,22,360 ரூபாய். நகைப் பெட்டி போன்ற ஒரு பெட்டியில் வைத்து விற்றார்கள். அந்தப் பெட்டி எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பெண் உயிரோடு வீடு திரும்பும் உரிமையை வளையலைப் போல விலைபோட்டு விற்கலாமா?

அது கிடக்கட்டும். துப்பாக்கி தெரிந்த நண்பர் ஒருவரிடம் கைகளைப் பற்றிச் சொன்னேன். பிஸ்டல் வேண்டாம் என்றார். முதல் குண்டை ஏற்ற அதன் மேல்மூடியை வில்லின் விசைக்கு எதிராகப் பின்னுக்கு இழுக்க வேண்டும். பாட்டில் மூடியோடு போராடுகிறவர்களால் ஆகாது. இழுக்க எளிதான பிஸ்டல் என்றே 2018-இல் அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் கம்பெனி ஒன்றை வெளியிட்டதென்றால், இந்தக் கஷ்டம் எத்தனை பேருக்கு இருக்க வேண்டும்! ரிவால்வரில் அந்த வேலை இல்லை. ஆனால் குண்டுருளையைச் சுழற்றிச் சுத்தியலைத் தூக்கும் பாரம் முழுவதும் ஆள்காட்டி விரலின் தலையில் விழுகிறது. சுத்தியலை முன்கூட்டியே கட்டைவிரலால் இழுத்து வைத்தால் விசை லேசாகும். அப்போது நடுங்கும் விரல் சற்றே பட்டாலும் வெடித்துவிடும். இன்னொன்றும் சொன்னார். சுமக்க லேசான துப்பாக்கி சுடும்போது அதிகமாக உதைக்கும். மெலிந்தவர்களுக்கென்று எடையைக் குறைத்தால், மெலிந்த மணிக்கட்டுதான் அந்த உதையை வாங்கிக்கொள்கிறது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. எந்தத் துப்பாக்கி என்ற கேள்வி பின்னால் போய்விட்டது. நான் ஒருவனைத் தடுக்க வேண்டுமென்றால் எனக்கு எத்தனை படிகள் இருக்கின்றன! அதட்டலாம், தள்ளலாம், அறையலாம், கையை முறுக்கிப் பிடித்துத் தூணில் கட்டலாம். வந்தவன் பசித்த பையன் என்று தெரிந்தால் பாதியிலேயே விட்டும்விடலாம். அக்காவுக்கு இதுவரை ஒரே படிதான்: பேசாமல் உட்கார்ந்திருப்பது. துப்பாக்கி வாங்கிக் கொடுத்தால் இரண்டாவதாக ஒன்று கிடைக்கும். அது கொல்வது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றுமே கிடையாது. தற்காப்புக்குச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யாதே என்கிறது. அந்தக் காலத்துத் தண்டனைச் சட்டமும் அப்படித்தான் சொன்னது, 2024 ஜூலையில் வந்த நியாய சன்ஹிதாவும் அப்படித்தான் சொல்கிறது. தேவையான அளவு என்பது கைவலு உள்ளவன் கண்டுபிடித்த அளவோ என்று எனக்குச் சந்தேகம் வந்தது. அவனால் அளந்து அடிக்க முடியும். இவளால் எப்படி அளக்க முடியும்?

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். என் மாணவப் பருவத்தில் தப்புக் கணக்கைக் கேட்ட அதே பொறுமை.

"நீ சொல்றது சரிதான். ஒரு பையனைச் சுட்டுட்டு நான் உயிரோட இருக்க மாட்டேன். ஆனா நடுவுல படி இல்லாதது என் தப்பா? ஏறி வர்றவனுக்குத் தெரியும், இந்த வீட்டுல ஒண்ணுமே செய்ய முடியாதவ இருக்கான்னு. அது தெரிஞ்சுதானே வர்றான்?"

"பையில் மறைத்து வைத்தால் அவனுக்கு எப்படித் தெரியும், அக்கா?"

"எனக்குத் தெரியும்ல?" என்றாள்.

கொல்லைக் கதவுக்கு இரும்புச் சட்டம் போட்டேன். விளக்கு ஒன்றும் மாட்டினேன். அவள் விடவில்லை, புதுக்கோட்டைக் கலெக்டர் அலுவலகத்துக்கு மனு வேண்டும் என்றாள். போலீஸ் விசாரணை, துப்பாக்கியைக் கையாளப் பழகிய சான்று, இவற்றோடு உடல்தகுதிக்கு டாக்டர் சான்றும் 2016 விதிகளின்படி வேண்டும். கை மெலிந்ததால் கேட்கிற ஆயுதத்துக்குக் கை நன்றாக இருப்பதாகச் சான்று! சொன்னேன். "அதை டாக்டர் பார்த்துக்கட்டும்" என்றாள்.

விண்ணப்பத்தை நானே பூர்த்தி செய்தேன். உரிமம் எதற்கு என்ற இடத்தில் தற்காப்புக்கு என்று எழுதிவிட்டுப் பேனாவை அவளிடம் நீட்டினேன். முஷ்டியில் பேனாவை இடுக்கிக்கொண்டு, ஒவ்வோர் எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். வெகு நேரமாயிற்று.