புனிதர்களின் பாவமும் சொல்லின் உண்மையும்

கத்தோலிக்கத் திருச்சபை ஒருவரைப் புனிதர் என்று அறிவிக்கும்போது, அவர் விண்ணகத்தில் இறைவனோடு இருக்கிறார் என்றும் அவருடைய வாழ்வு பின்பற்றத்தக்கது என்றும் சொல்கிறதேயன்றி, பிறப்பு முதல் இறப்பு வரை அவர் ஒரு பிழையும் செய்ததில்லை என்று சொல்வதில்லை. விவிலியமும் இறைவாக்கினர்களிடம் இதே கண்டிப்பைக் காட்டுகிறது. பாறையை இருமுறை அடித்த மோசே வாக்களிக்கப்பட்ட நாட்டுக்குள் கால்வைக்கவில்லை. திருத்தூதர் பணிகள் நூல் இறைவாக்கினர் என்றே குறிப்பிடும் தாவீது, உரியாவின் மனைவியைக் கவர்ந்ததோடு உரியாவைப் போர்முனையில் சாகவும் விட்டார். ஆகவே, இவர்கள் பாவம் செய்தார்களா என்பது கேள்வியன்று. அருள் பெற்ற ஒருவர் முயன்றால் முழு வாழ்நாளையும் பாவமின்றிக் கழிக்க முடியுமா என்பதே கேள்வி.

விடை காணுமுன் பாவம் என்ற சொல்லைப் பிரித்துக்கொள்ள வேண்டும். தமிழ்க் கத்தோலிக்கரிடையே வழங்கிவரும் ஞானோபதேசப் பாகுபாட்டின்படி, ஆதிப் பெற்றோரிடமிருந்து மனித இயல்போடு வந்துசேரும் குறை சென்மப் பாவம். ஒருவர் தாமே செய்வது கர்மப் பாவம். பின்னதிலும், கனமான காரியத்தில் முழு அறிவோடும் முழுச் சம்மதத்தோடும் இறைவனைவிட்டு விலகுவது சாவான பாவம்; அந்த உறவை முறிக்காமல் தளர்த்துகிற, பொறுமையிழந்த ஒரு சொல் போன்ற சிறு குற்றம் அற்பப் பாவம். சாவான பாவத்தை அருளின் துணையால் வாழ்நாள் முழுதும் விலக்கலாம். ஆனால் அற்பப் பாவங்கள் உட்பட எல்லாப் பாவங்களையும் ஒருவர் வாழ்நாள் முழுதும் தவிர்ப்பது இறைவனின் தனிச்சலுகை இல்லாமல் இயலாது என்று 1547 சனவரியில் திரெந்து பொதுச்சங்கம் வரையறுத்தது. அச்சலுகையைப் பெற்றவராக அது பெயர் சொல்லிக் காட்டியது மரியாவை மட்டுமே.

தவிர்க்க இயலாத ஒன்றுக்கு ஒருவரை எப்படிப் பொறுப்பாக்குவது என்ற அறச்சிக்கல் இங்கே எழுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் தோமா அக்குவினார் இதற்குத் தந்த விடை, தனித்தனியாக எந்த அற்பப் பாவத்தையும் தவிர்க்கலாம், அனைத்தையும் சேர்த்துத் தவிர்க்க இயலாது என்பது. ஒன்றை எதிர்த்து நிற்கையில் மனம் மற்றொன்றின் பக்கம் காவலின்றிப் போகிறது. தினைப்புனம் காப்பவர் எந்தக் கிளியையும் ஓட்ட வல்லவர்தான். ஆனால் பருவம் முழுதும் ஒரு கதிர்கூடக் கொத்துப்படாமல் காத்தவர் யார்? ஒவ்வொன்றும் தவிர்க்கத்தக்கதாயின் மொத்தமும் தவிர்க்கத்தக்கதுதானே என்று தருக்கம் பேசுவோர் கேட்கலாம். அவர்களுக்கு இவ்விடை முழுமையாக வாயடைப்பதன்று. எனினும் களைப்பும் கவனச்சிதறலும் உள்ள மனித மனத்தின் நடப்பை அது பொய்யாக்காமல் சொல்கிறது.

பொய்யாக்காமல் சொல்வதுதான் இந்த விவாதத்தின் உயிர்நாடி. மனிதர் தம் விருப்பாற்றலால் பாவமின்றி வாழ இயலும் என்று கற்பித்த பெலாஜியுசின் கருத்துகளை எதிர்த்து 418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள், ஒரு நுட்பமான புள்ளியைத் தொட்டனர். இயேசு கற்பித்த இறைவேண்டலில் மன்னிப்புக் கேட்கும் புனிதர்கள், தாழ்மைக்காக அப்படிச் சொல்கிறார்களேயன்றி உண்மையில் அது அவர்களுக்குப் பொருந்தாது என்ற விளக்கத்தை அவர்கள் கண்டித்து ஒதுக்கினர். உள்ளே குற்றமில்லை என்று அறிந்தவர் வாயளவில் ‘பாவி’ என்பது தாழ்மையன்று, இறைவன் முன் ஒரு பொய். புனிதரைக் களங்கமற்றவராக்கப் போய் அவரை நடிகராக்கும் மரியாதை விந்தையானதுதான். அந்தியோக்கியாவில் பேதுருவைப் பவுல் கண்டித்த நிகழ்ச்சியிலும் இதுவே நேர்ந்தது. அது பிறருக்குப் பாடம் புகட்ட இருவரும் திட்டமிட்டு நடத்திய பாவனை என்று விவிலிய அறிஞர் எரோணிமுஸ் விளக்க, ஹிப்போ நகர ஆயர் அகுஸ்தினார் கடிதம் எழுதி மறுத்தார். பேதுரு தவறியது மெய், அதைப் பணிந்து ஏற்றதும் மெய் என்பது அவர் தரப்பு. அக்குவினாரும் பின்னாளில் இவர் பக்கமே நின்றார்.

விதிவிலக்குகளும் மெல்லத்தான் தெளிந்தன. நான்காம் நூற்றாண்டின் பெரும் மறையுரையாளர் யோவான் கிறிசோஸ்தோம் மரியாவிடமே சிறிது புகழ்நாட்டம் கண்டார். அவர் எல்லை மீறிவிட்டார் என்று அக்குவினார் தயங்காமல் எழுதினார். ஆனால் மரியா சென்மப் பாவமின்றியே கருவானார் என்ற அமலோற்பவக் கொள்கையை அக்குவினாரே ஏற்கவில்லை; அது விசுவாசக் கோட்பாடாக அறிவிக்கப்பட்டது 1854இல்தான். எரேமியாவும் திருமுழுக்கு யோவானும் தாய் வயிற்றிலேயே தூய்மையாக்கப்பட்டவர்கள் என்ற மரபு பழமையானது. ஆனால் அக்குவினார் கணிப்பில் அந்த அருள் அவர்களைச் சாவான பாவத்திலிருந்து காத்ததேயன்றி அற்பப் பாவத்துக்கு அப்பால் வைக்கவில்லை.

மற்றவர் பாவங்களைப் பற்றி இவ்வளவு எழுதிய அகுஸ்தினார் 430இல், வாண்டல் படை ஹிப்போ நகரை முற்றுகையிட்டிருந்த நாள்களில், நோயுற்றுப் படுக்கையில் கிடந்தார். திருமுழுக்குப் பெற்று நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாகியிருந்தது. ஆயர் என்ற பெருமையும் இருந்தது. அவருடைய வரலாற்றை எழுதிய பொசிதியுஸ் தரும் செய்தியின்படி, தாவீதின் மனத்துயர்த் திருப்பாடல்களை எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்லி, மருத்துவர் வரும் நேரமும் உணவு வரும் நேரமும் தவிர யாரையும் உள்ளே விடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டு, அவற்றைப் படித்துப் படித்து அழுதுகொண்டிருந்தார்.