எந்த முகத்தோடு போவது?

ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்து இறங்கினால் நம் வீடுகளில் முதலில் எழுகிற கேள்வி, "இவர்களை எங்கே கூட்டிக்கொண்டு போவது?" என்பதாகும். கோலாலம்பூரும் பினாங்கும் முடிந்த பிறகு மலாக்கா நினைவுக்கு வரும். மலாக்கா என்றால் நம்மில் அநேகருக்கு நகரம் மட்டுமே. டச்சுக்காரர் கட்டிய செங்கட்டிடம், போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற கோட்டை வாயில், இந்திய முஸ்லிம் வணிகர்கள் 1748ல் எழுப்பிய கம்போங் கிளிங் பள்ளிவாசல் ஆகியவற்றைப் பார்த்துவிட்டு, ஜோங்கர் தெருவில் நாலு சாமான் வாங்கிக்கொண்டு அன்றைக்கே திரும்பிவிடுகிறோம். 2008ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற நகரம் அது, பார்க்கத் தகுந்ததுதான்.

ஆனால் அங்கிருந்து ஜாசினுக்கோ அலோர் காஜாவுக்கோ வண்டியைத் திருப்புகிறவர்கள் எத்தனை பேர்? "அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டு விட்டுவிடுகிறோம். இந்தக் கேள்வியை வியாபாரிகளாகிய நாம் கேட்பது நியாயந்தானா என்பதைச் சற்றுச் சிந்திப்போம்.

1854ல் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற ஆங்கிலேய இயற்கை ஆராய்ச்சியாளர் மலாக்கா நகரத்தோடு நின்றுவிடாமல் உட்பகுதிக்குச் சென்றார். ஆயர் பானாஸ் பக்கத்தில் தங்கிப் பறவைகளையும் பூச்சிகளையும் சேகரித்தார். ஓபிர் மலையிலும் ஏறினார். தான் தேடுவது இன்னதென்று அறிந்தவருக்கு எந்த இடமும் வெறுமையாகத் தோன்றுவதில்லை. அப்படியானால் நாம் தேடவேண்டியது எது?

நம் நாட்டிலிருந்து இந்த உட்பகுதிக்கு முன்பு போனவர்கள் மூன்று முகங்களோடு போனார்கள். முதலாவது, சிப்பாயின் முகம். அலோர் காஜா பக்கத்து நானிங் மக்களிடம் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைக் கிழக்கிந்தியக் கம்பெனி வரியாகக் கேட்டது. அவர்களுடைய பெங்குலுவான டோல் சாயிட் மறுத்தார். 1831ல் கம்பெனி படை அனுப்பியது. அந்தப் படையில் இருந்தவர்கள் சென்னை மாகாணத்துச் சிப்பாய்கள்! முதல் முறை பின்வாங்கிய கம்பெனி, 1832ல் பெரும்படையோடு வந்து வென்றது. தாபோ நானிங்கில் டோல் சாயிட்டின் அடக்கஸ்தலம் இன்றும் இருக்கிறது. அயலான் கூலிக்காக அயலான் நிலத்தில் நம்மவர் துப்பாக்கி பிடித்த இடம் அது.

இரண்டாவது, தொழிலாளியின் முகம். 1896ல் டான் சே யான் என்ற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பிறகு புக்கிட் அசஹானில் பெரிய தோட்டம் திறந்தார். இந்நாட்டின் வர்த்தக ரப்பர்த் தோட்டங்களுக்கு அதுவே தொடக்கம். ரப்பர் பரவப் பரவத் தமிழர்கள் கப்பலேறி வந்தார்கள். ஒப்பந்தக் கூலிமுறை 1910ல் ஒழிந்தது. கங்காணி மூலம் ஆள் சேர்ப்பதை இந்திய அரசாங்கம் 1938ல் தடுத்தது. அதற்குள் லயங்களில் ஒரு சமுதாயமே வேரூன்றிவிட்டது.

மூன்றாவது முகம் நம்முடையது. நாகூரிலிருந்தும் கூத்தாநல்லூரிலிருந்தும் கடையநல்லூரிலிருந்தும் பனைக்குளத்திலிருந்தும் வந்த நம் பெரியவர்களில் பலர், கடை வைக்குமுன் சைக்கிளில் துணி மூட்டை கட்டித் தோட்டந்தோட்டமாகச் சுற்றியவர்கள். சம்பள நாளன்று லயத்து வாசலில் மூட்டையை அவிழ்த்தார்கள். கையில் காசில்லாதவனுக்கு நோட்டில் எழுதிக்கொண்டு கொடுத்தார்கள். அவனும் அடுத்த சம்பளத்தில் திருப்பிக் கொடுத்தான். பால்மரத்தடியில் அவன் சிந்திய வியர்வையில் ஒரு பங்கு நம் கல்லாவுக்கு முதலாயிற்று.

"சரக்குக் கொடுத்தோம், விலை வாங்கினோம், கணக்குத் தீர்ந்தது" என்று சொல்லலாம். நோட்டில் தீர்ந்தது உண்மைதான். ஆனால் எழுத்தறியாத ஒருவனை நம்பிச் சேலை கொடுத்ததும், பத்திரம் இல்லாமலே அவன் கடனை அடைத்ததும் எந்த நோட்டில் ஏறும்?

சில வருஷங்களுக்கு முன் நாம் சிலர் அசஹான் பக்கம் போயிருந்தோம். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்ட ஒரு பழைய தோட்டம். மிச்சமிருந்த வீட்டு வரிசையைப் படமெடுக்க இறங்கினோம். ஒரு மூதாட்டி வெளியே வந்து, "யாரைப் பார்க்க வந்தீங்க?" என்று மரியாதையாகவே கேட்டார். நம்மிடம் பதில் இல்லை. யாரையும் பார்க்க வரவில்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. நாம் யாரென்று அறிந்ததும் அவரே பேசினார்: "அந்தக் காலத்திலே துணிக்கார பாய் ஒருத்தர் வருவார். தீபாவளிக்கு முன்னாடியே கடனாக் கொடுத்துட்டுப் போவார்." அவர் பெயரையும் ஊரையும்கூடச் சொன்னார். தம் பேரன் எந்தப் பட்டணத்தில் வேலை பார்க்கிறான் என்றும் சொன்னார். அவர் நம்மவரை மறக்கவில்லை. நாம்தான் பெயர் தெரியாமல் நின்றோம்.

அன்று நமக்கு விளங்கிற்று. இன்று நாம் போவது நான்காவது முகத்தோடு. அது விருந்தாளியின் முகமாக இருக்கவேண்டும். விருந்தாளிக்கு யாரைப் பார்க்க வந்தோம் என்ற பதில் வேண்டும்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. "எளியவர் குடியிருப்பைப் போய் வேடிக்கை பார்ப்பது தகுமா? நாம் போய்ப் பிறரும் போனால் அந்த இடமும் சந்தையாகிவிடாதா?" தகாதுதான், ஆகியும் விடலாம். நாலு பேர் போகிறார்கள் என்று நாமும் போனால் அப்படித்தான் முடியும். ஆனால் ஒவ்வொரு குடும்பமும் தனக்கு உறவுள்ள இடத்தைத் தேடிப் போனால் ஒரே இடத்தில் கூட்டம் சேராது. பாட்டனார் எந்தத் தோட்டத்துக்குத் துணி கொண்டு போனாரோ, வாப்பா எந்தச் சிற்றூரில் கடைப் பையனாக இருந்தாரோ, அதுவே நமக்குரிய இடம். அது மெர்லிமாவாக இருக்கலாம். பெம்பானாகவோ சிலாண்டாராகவோ மஸ்ஜித் தானாவாகவோ இருக்கலாம். அப்படி ஒரு தொடர்பும் இல்லாதவர்கள், வருவோரை எதிர்பார்த்துத் திறந்திருக்கும் இடங்களுக்குப் போகட்டும்: காடேக் வெந்நீர் ஊற்று இருக்கிறது, 1894ல் கட்டிய மெர்லிமாவ் பெங்குலு வீடு இருக்கிறது.

போகிற முறையிலும் நாணயம் வேண்டும். ஒரு நாளைக்கு ஓர் ஊர் போதும். தோட்டம் பிறர் சொத்து. அனுமதி கேட்டு நுழையவேண்டும். கேட்காமல் எவரையும் படமெடுக்கலாகாது. அவ்வூர்ச் சிறு கடையில் உண்டு, கேட்ட விலையைக் கொடுக்கவேண்டும். லாபம் பார்த்தே பழகிய நமக்குப் பேரம் பேசாமல் வருவது ஒரு நல்ல பயிற்சியும்கூட.

ஆகவே அடுத்த முறை எங்கே போவது என்ற கேள்வி எழும்போது, வீட்டிலுள்ள மூத்தவரிடம் முதலில் கேளுங்கள்: "நீங்கள் எந்தத் தோட்டத்துக்குப் போவீர்கள்? அங்கே உங்களை யார் அறிவார்?" பதில் சொல்லக்கூடியவர்கள் நம்மிடையே குறைந்துகொண்டே வருகிறார்கள். நடக்க முடியுமானால் அவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போங்கள்.